பந்தயக் குதிரையின் கால் ஏன் முறிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயத்தில் ஒரு குதிரை கால் முறிந்து விழும் காணொளி ஒவ்வொரு முறை பரவும்போதும் அதே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. இறந்த குதிரைகளின் பிரேதப் பரிசோதனை விவரங்களும் ஆண்டுவாரி எண்களும் அங்கேதான் ஓரளவு வெளிப்படையாகக் கிடைக்கின்றன.

வேகமா ஓடும்போது கால் தடுக்கி விழுந்துதானே முறியுது?

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் எலும்பு முறிகிறது, அதனால்தான் குதிரை விழுகிறது. பள்ளத்தில் கால் வைத்தது, பக்கத்துக் குதிரை இடித்தது என்று விபத்தாகவே நடப்பதும் உண்டு, ஆனால் அது சிறுபான்மை.

கலிஃபோர்னியாவில் 1990 முதல் பந்தய மைதானங்களில் இறக்கும் குதிரைகளைப் பிரேதப் பரிசோதனை செய்து வருகிறார்கள். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூ ஸ்டோவர் என்ற கால்நடை மருத்துவரின் குழு அந்த எலும்புகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது. முறிந்த இடத்திலோ அதை ஒட்டியோ பழைய சேதத்தின் தடயம் இருப்பது அங்கே திரும்பத் திரும்பத் தெரியவந்தது. எலும்பு ஒரு நொடியில் உடைந்தாலும், அதற்கான சேதம் பல வாரங்களாகவே சேர்ந்து வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கான பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அவ்வளவு பெரிய மிருகத்தோட எலும்பு எப்படி அவ்வளவு லேசா உடையும்?

எலும்பு வலுவானதுதான், அதன் மேல் விழும் பாரம் அதைவிடப் பெரியது. பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் முழு உடலும் ஒரே முன்னங்காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் இது நடக்கிறது.

முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். குளம்புக்குச் சற்று மேலே ஃபெட்லாக் என்ற மூட்டு இருக்கிறது. பாரம் விழும்போது அது தரையைத் தொடும் அளவுக்குக் கீழே இறங்கி, மறுபடி எழும்புகிறது. அந்த மூட்டின் பின்புறம் செசமாய்டு என்ற இரண்டு சிறிய எலும்புகள் உள்ளன. கலிஃபோர்னியாவில் பந்தயக் குதிரைகளின் உயிரைப் பறித்த எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்ன எலும்புகளில் நடந்தவை. அவற்றுக்கு அடுத்தபடியாக, அதே மூட்டுக்கு மேலே உள்ள கேனன் எலும்பின் கீழ்முனை.

பழைய சேதம்னா என்ன? அடிபட்டிருந்தா குதிரை நொண்டாதா?

ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால், எந்த ஒரு வளைப்பும் பெரிதாக இல்லாமலேயே கடைசியில் அது ஒடிந்துவிடும். எலும்பிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் அப்படித்தான் சேர்கின்றன. ஆனால் எலும்பு உயிருள்ளது, தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். சேதமான பகுதியை முதலில் அரித்து அகற்றிவிட்டு, பிறகு புதிய எலும்பை அங்கே நிரப்புகிறது.

சிக்கல் இந்த இடத்தில்தான். அரித்து அகற்றுவதற்குச் சில வாரங்கள் போதும், நிரப்புவதற்கோ மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் நுண்துளைகளோடு பலவீனமாக இருக்கும். அப்போது குதிரை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும், ஓட ஆசைப்படும், பல சமயம் நொண்டவும் செய்யாது. இரண்டு முன்னங்கால்களிலும் ஒரே மாதிரி வலி இருந்தால் நொண்டல் இன்னும் தெரியாது, ஏனென்றால் சாய்ந்து நிற்க நல்ல கால் என்று ஒன்று இல்லை.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு திரும்பும் குதிரைக்குச் சில வகை முறிவுகள் வரும் ஆபத்து அதிகமாக இருப்பதும் இதனால்தான். தோள்பட்டைக்குக் கீழே உள்ள மேற்கை எலும்பில் வரும் முறிவு இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். ஓய்வில் எலும்பு இளைத்திருக்கிறது, அதற்குள் பழைய வேகத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மனுஷனுக்குக் கால் முறிஞ்சா கட்டுப் போடறோம். குதிரையை மட்டும் ஏன் அங்கேயே கொல்றாங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். எல்லா முறிவும் மரணத்தில் முடிவதில்லை. எலும்புத் துண்டுகள் விலகாமல் இருந்தால் திருகாணி போட்டுச் சரிசெய்யலாம், அப்படிச் செய்துகொண்டு மீண்டும் ஓடிய குதிரைகள் உண்டு. ஆனால் மூட்டே நொறுங்கி, தோல் கிழிந்து, கீழ்க்காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துவிட்டால் ஒட்டவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும் ஆபத்து தீர்வதில்லை. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில், அதுவரை தோல்வியே அறியாத ரஃபியன் என்ற பெண் குதிரை, ஃபூலிஷ் பிளெஷரோடு நேருக்கு நேர் ஓடியபோது செசமாய்டு நொறுங்கியது. இரவோடு இரவாக அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளியும்போது, இன்னும் பந்தயத்தில் இருப்பதுபோல் அது கால்களை உதைத்துத் துடித்ததில் போட்ட கட்டே உடைந்து மறுபடி காயமானது. அதற்கு மேல் அதை வதைக்க வேண்டாம் என்று கருணைக்கொலை செய்தார்கள்.

அடுத்த பெரிய உதாரணம் பார்பரோ. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை 2006-இல் வென்ற குதிரை. இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் பல துண்டுகளாக உடைந்தது. பென்சில்வேனியாவின் நியூ போல்டன் மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் தகடும் திருகாணிகளும் பொருத்திச் சரிசெய்தார். முறிந்த கால் தேறி வந்தது. ஆனால் நல்ல காலின் மேல் மாதக்கணக்கில் அதிகப் பாரம் விழுந்ததில் லாமினைட்டிஸ் என்ற நோய் வந்தது. குளம்பை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் திசுவே பிய்ந்துபோகும் கொடிய வலி அது. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்தார்கள். நல்ல மருத்துவரும், செலவழிக்கத் தயாரான உரிமையாளர்களும், எட்டு மாதப் போராட்டமும் இருந்தும் நேர்ந்தது இது. குதிரையை மாதக்கணக்கில் படுக்கையில் வைக்க முடியாது. நான்கு கால்களில் நின்றாக வேண்டிய உடல் அது.

சான்டா அனிட்டா, சான்டா அனிட்டான்னு எல்லாரும் சொல்றாங்களே, அங்க என்ன நடந்தது?

லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே ஆர்கேடியாவில் உள்ள புகழ்பெற்ற மைதானம் அது. 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பருவத்தில், 2019 மார்ச் முடிவதற்குள் 23 குதிரைகள் இறந்தன. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்துக்கு மீறிய மழை. மார்ச் 5 அன்று பந்தயங்களை நிறுத்தினார்கள், தளத்தைச் சோதித்தார்கள், 29 அன்று மீண்டும் திறந்தார்கள். இரண்டே நாளில் இன்னொரு குதிரை இறந்தது. ஜூனில் பருவம் முடியும்போது எண்ணிக்கை 30. தொலைக்காட்சிச் செய்திகளில் பந்தயத்தையே பார்க்காதவர்கள் கூட மைதான வாசலில் பதாகையோடு நின்றவர்களைப் பார்த்தார்கள்.

அந்த 23 மரணங்கள் பற்றி கலிஃபோர்னியா குதிரைப் பந்தய வாரியம் 2020 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 22 குதிரைகள் எலும்பு, மூட்டுக் காயங்களால் இறந்தவை. அவற்றில் 21-இல் முறிந்த இடத்தில் ஏற்கெனவே சேதம் இருந்திருக்கிறது. சட்டவிரோத மருந்தோ சிகிச்சையோ கொடுக்கப்பட்டதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. போட்டிப் பட்டியலை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடியைப் பயிற்சியாளர்கள் உணர்ந்ததையும் அறிக்கை பதிவு செய்தது.

அப்போ மழைதான் காரணம்னு சொல்லலாமா?

ஒரு காரணம். அந்த 23 மரணங்களில் 39 சதவீதம் மழையால் பாதிக்கப்பட்ட தளத்தில் நடந்தவை. மழைக்கு முன்னால் மண் தளத்தை உருளை கொண்டு அழுத்தி இறுக்குவார்கள், நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுவதற்காக. மழை விட்டதும் கிளறிவிடுவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் தளம் ஒரு சீராக இருக்காது. ஓரிடத்தில் கெட்டி, இன்னோரிடத்தில் இளகல். குதிரையின் கால் ஒவ்வோர் அடியிலும் வேறொரு தரையைச் சந்திக்கிறது.

ஆனால் மீதி 61 சதவீதத்துக்கு மழையைச் சொல்ல முடியாது. அதே ஈரத் தளத்தில் ஓடி, காயமின்றி லாயத்துக்குத் திரும்பிய குதிரைகள் எத்தனையோ. கெட்ட தளம் ஆபத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே விரிசல் விட்ட எலும்பைத்தான் அது முதலில் உடைக்கிறது.

மண், புல், செயற்கைத் தளம், இதில் எது பாதுகாப்பு?

அமெரிக்க எண்களைப் பார்த்தால் செயற்கைத் தளம். மணல், இழை, மெழுகு கலந்து செய்வது அது. குதிரைகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் ஜாக்கி கிளப் 2009 முதல் பந்தய மரணங்களைக் கணக்கெடுக்கிறது. 2019-இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு மண் தளத்தில் 1.60, புல்லில் 1.56, செயற்கைத் தளத்தில் 0.93 மரணங்கள். ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவது இந்தக் கணக்கில் ஓர் ஓட்டம்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் அதையே போடல?

போட்டார்கள், பிறகு எடுத்தும்விட்டார்கள். பெரிய மைதானங்கள் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று கலிஃபோர்னியா 2006-இல் உத்தரவிட்டது. சான்டா அனிட்டாவில் போட்ட தளத்தில் மழைநீர் வடியவில்லை, பந்தய நாட்களே ரத்தாயின. 2010 கடைசியில் அங்கே மண்ணுக்குத் திரும்பினார்கள். கென்டக்கியின் கீன்லாண்ட் மைதானம் 2014-இலும், கலிஃபோர்னியாவின் டெல் மார் 2015-இலும் அதே வழியில் போயின. பின்னங்கால், தசைக் காயங்கள் கூடுகின்றன என்று சில பயிற்சியாளர்கள் குறை சொன்னார்கள். வெயிலில் மெழுகு இளகுவதால் பராமரிப்பும் சுலபமில்லை. இவற்றோடு மரபுப் பற்றும் சேர்ந்துகொண்டது. கென்டக்கி டெர்பி மண்ணில் ஓடும் பந்தயம், இனவிருத்திச் சந்தையே மண்ணில் வெல்லும் குதிரையைச் சுற்றி வளர்ந்தது. குறைவான மரணம் என்ற ஒரு காரணம் இத்தனையையும் தோற்கடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தோற்கடிக்கவில்லை.

ரெண்டு வயசுக் குட்டியை ஓட விடறாங்களே, அதுதானே எல்லாத்துக்கும் மூலம்?

நியாயமான சந்தேகம், ஆனால் தரவு வேறு பக்கம் காட்டுகிறது. இரண்டு வயதில் முதல் பந்தயம் ஓடிய குதிரைகளைவிட, மூன்று வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவற்றுக்குத்தான் உயிர்போகும் காயத்தின் ஆபத்து அதிகம் என்று அமெரிக்கத் தரவை ஆய்ந்தவர்கள் கண்டார்கள். வளரும் எலும்பு, அளவான வேகத்துக்குப் பழகும்போது, எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசையில் தடிக்கிறது.

இதை வைத்து இரண்டு வயதுப் பந்தயமே நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தாமதமாகத் தொடங்கிய குதிரைகளில் பல, ஏற்கெனவே ஏதோ ஒரு காயத்தால்தான் தாமதமாகியிருக்கும். அதோடு, அளவான பயிற்சி வேறு, ஏலத்தில் விலை ஏற்றுவதற்காக இரண்டு வயதுக் குட்டியை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுவது வேறு. இரண்டாவதை நான் எந்தத் தரவு கொண்டும் ஆதரிக்க மாட்டேன்.

வலி தெரியாம இருக்க ஊசி போட்டு ஓட வைக்கிறாங்களாமே, நிஜமா?

நடந்திருக்கிறது. இதைச் சட்டவிரோதம், சட்டத்துக்கு உட்பட்டது என இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டவிரோதத்துக்கு உதாரணம், 2020 மார்ச்சில் நியூயார்க்கில் ஃபெடரல் வழக்கறிஞர்கள் பயிற்சியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் உட்பட இருபதுக்கு மேற்பட்டவர்கள் மீது தொடுத்த ஊக்கமருந்து வழக்கு. ஜார்ஜ் நவாரோ, ஜேசன் செர்விஸ் என்ற பெயர்பெற்ற பயிற்சியாளர்கள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது சட்டத்துக்கு உட்பட்ட வகை. வீக்கம் குறைக்கும் மாத்திரைகள், மூட்டுக்குள் போடும் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி. இவை நல்ல மருந்துகள், ஓய்வோடு சேர்த்துக் கொடுத்தால். ஓய்வு இல்லாமல் கொடுத்தால் வலி என்ற எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு அதே எலும்பை ஓடச் சொல்வதாகிவிடும். மூன்றாவது கேள்வியில் சொன்ன பலவீனமான இடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பந்தயமோ வேகப் பயிற்சியோ கூடாது என்ற கட்டுப்பாடுகள் இப்போது கடுமையாகியிருக்கின்றன.

லாசிக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அது நுரையீரலில் ரத்தக் கசிவைக் குறைக்கக் கொடுக்கும் சிறுநீர் பெருக்கி. பந்தய நாளில் அதைக் கொடுப்பது ஐரோப்பாவில் கூடாது, அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது, இப்போது இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் பெரிய பந்தயங்களுக்கும் தடை. எலும்பு முறிவோடு அதற்கு நேரடித் தொடர்பு நிரூபணமாகவில்லை.

சாட்டையால அடிச்சு ஓட்டறதுதான் காரணம்னு நினைக்கிறேன். சரியா?

எலும்பு முறிவுக்கு முதன்மைக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் களைத்துப்போன குதிரையைக் கடைசி 200 மீட்டரில் அடித்து விரட்டுவதால் நன்மை எதுவும் இல்லை. அமெரிக்க விதி இப்போது ஒரு பந்தயத்தில் ஆறு அடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் சமதளப் பந்தயத்தில் ஆறு, தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு. ஆறும் எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சாட்டை, ஜாக்கி தன் பாதுகாப்புக்குக் குதிரையைத் திருப்பப் பயன்படும் அளவோடு நிற்கட்டும்.

லாடத்தில்கூட பிரச்சினை இருக்குன்னு படிச்சேன்.

ஆமாம். மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்காக முன்னங்கால் லாடத்தின் முனையில் ஒரு விளிம்பு வைப்பார்கள். 1990-களில் சூ ஸ்டோவர் குழுவின் ஆய்வு, அந்த விளிம்பு உயரமாக இருந்த குதிரைகளுக்கு உயிர்போகும் காயத்தின் ஆபத்து கூடியிருந்ததைக் காட்டியது. இப்போது அமெரிக்காவில் முன்னங்கால்களில் அதற்குத் தடை. ஒரு தகட்டு விளிம்பை நீக்க ஆய்வு வந்து இத்தனை ஆண்டுகள் ஆனது.

நொண்டாத குதிரைக்கு உள்ளே விரிசல் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

எக்ஸ்-ரேயில் தொடக்க நிலைச் சேதம் பெரும்பாலும் தெரியாது. எலும்பு எங்கே வேகமாகப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் இதற்கு உதவுகிறது. மயக்கம் கொடுத்துப் படுக்கவைக்காமல், நின்றபடியே ஃபெட்லாக்கை எடுக்கும் கருவி 2019 டிசம்பரில் சான்டா அனிட்டாவிலேயே நிறுவப்பட்டது. அத்தனை மரணங்கள் நடந்த அதே மைதானத்தில் முதல் கருவி வந்தது எனக்கு நம்பிக்கை தந்த செய்தி.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் கோப்பையில் 2018-இல் தி கிளிஃப்ஸ் ஆஃப் மோஹரும், 2020-இல் எப்சம் டெர்பி வென்ற ஆந்தனி வான் டைக்கும் எலும்பு முறிந்து இறந்தன. 2021 முதல் கோப்பையில் ஓட விரும்பும் குதிரைகளுக்கு சிடி ஸ்கேன் கட்டாயமாக்கினார்கள். ஸ்கேனில் சந்தேகம் எழுந்து கடைசி நேரத்தில் விலக்கப்பட்ட பிரபலக் குதிரைகள் உண்டு. உரிமையாளர்கள் கொந்தளித்தார்கள். ஆனால் அந்தக் குதிரைகள் உயிரோடு இருந்தன.

சேணத்துணிக்குள் வைக்கும் சிறிய உணர்கருவிகளும் வந்துவிட்டன. ஜாக்கியால் உணர முடியாத நடைமாற்றத்தை அவை பதிவு செய்கின்றன.

பந்தயத்துக்கு முன்னாடி டாக்டர் பார்த்துத்தானே அனுப்பறாங்க? அப்புறம் எப்படி?

பார்க்கிறார்கள். 2019 நவம்பர் 2 அன்று அதே சான்டா அனிட்டாவில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் மங்கோலியன் குரூம் என்ற குதிரைக்கு இடது பின்னங்கால் முறிந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பந்தயம். அந்த வாரம் முழுக்க மருத்துவர்கள் எல்லாக் குதிரைகளையும் பலமுறை பார்த்திருந்தார்கள். பிறகு லாரி பிராம்லேஜ் என்ற அறுவை மருத்துவர் நடத்திய தனி ஆய்வில், அந்தக் குதிரையை விலக்கக் கிடைத்த வாய்ப்புகள் தவறவிடப்பட்டது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான குதிரைகளைச் சில நாட்களில், நடக்கவும் மெதுவாக ஓடவும் விட்டுப் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவரின் கண்ணுக்கு எல்லை உண்டு.

வழி இருக்குன்னா ஏன் எல்லாக் குதிரைக்கும் ஸ்கேன் எடுக்கல? சொல்லுங்க, பணம்தானே?

பணம்தான், ஆனால் இரண்டு விதத்தில். ஸ்கேன் செலவு முதல் விதம். அன்றாடப் பந்தயத்தில் ஓடும் மலிவான குதிரையின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை.

இரண்டாவது விதம் அதைவிட ஆழமானது. அமெரிக்காவில் ஏராளமான பந்தயங்களில், ஓடும் குதிரைக்கு ஒரு விலை குறித்துவிடுவார்கள். பந்தயத்துக்கு முன் பணம் கட்டுபவர் அதை வாங்கிக்கொள்ளலாம். காலில் கோளாறு இருப்பது தெரிந்த உரிமையாளருக்கு, விலையைக் குறைத்து ஓடவிட்டுக் கைகழுவும் ஆசை வரும். வாங்கியவருக்கு அதன் மருத்துவ வரலாறு தெரியாது. வாங்கிய விலையை எடுக்க அவரும் சீக்கிரம் ஓடவிடுவார். இப்படிக் கை மாறிக் கை மாறிக் கீழே போகும் குதிரைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, பார்பரோவைப் பற்றித்தான் எழுதுகிறோம். குதிரை பந்தயத்தில் இறந்தாலோ, முடிந்ததும் நொண்டினாலோ விற்பனை ரத்து என்ற விதி வந்ததும், பழைய சிகிச்சைக் குறிப்புகள் புதிய பயிற்சியாளருக்குப் போக வேண்டும் என்றானதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். என் பார்வையில், எந்தப் புதுத் தளத்தையும்விட இது முக்கியமான சீர்திருத்தம்.

இத்தனை சீர்திருத்தம் பண்ணியும் 2023-ல சர்ச்சில் டவுன்ஸ்ல செத்துதே?

ஆமாம், கென்டக்கி டெர்பி நடக்கும் மைதானம் அது. அந்தப் பந்தயத்தை ஒட்டிய வாரங்களில் அங்கே 12 குதிரைகள் இறந்தன. ஜூனில் பந்தயங்களை எல்லிஸ் பார்க் என்ற வேறொரு மைதானத்துக்கு மாற்றினார்கள். தளத்தில் குறை இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, அத்தனைக்கும் பொதுவான ஒரே காரணமும் கிடைக்கவில்லை.

அதே சமயம் நாடு முழுவதற்குமான எண் குறைந்து வருகிறது. 2009-இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 மரணம், 2023-இல் 1.32. மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்க, 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி ஹைசா என்ற தேசிய ஆணையம் வந்தது. பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையிலும், மருந்து விதிகள் 2023 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன. அதன் கீழ் வரும் மைதானங்களில் 2024-இல் 0.90.

அந்தக் கணக்கை நம்பலாமா? குறைச்சுக் காட்டறாங்கன்னு சொல்றாங்களே.

எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று தெரிந்து படித்தால் நம்பலாம். ஜாக்கி கிளப் எண்ணில் பந்தயத்தில் அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் இறந்தவை மட்டுமே வரும். பார்பரோ அந்தக் கணக்கில் வரவே வராது. பயிற்சியின்போது இறப்பவையும் வராது. ஆனால் சான்டா அனிட்டாவின் 23-இல் பயிற்சி மரணங்களும் உண்டு. ஆகவே ஒரு மைதானத்தின் மொத்த மரணத்தையும், நாட்டின் ஆயிரம் ஓட்ட விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு தரப்பு விவாதங்களிலும் இந்தக் குழப்பம் தாராளமாக நடக்கிறது. பயிற்சி மரணங்களையும் ஹைசா இப்போது தனியாக வெளியிடுவது நல்ல மாற்றம்.

கால் முறியாமலேயே திடீர்னு விழுந்து சாகுதே, அது என்ன?

பெரும்பாலும் இதயத் துடிப்புக் கோளாறு என்று சந்தேகிக்கிறார்கள். பிரேதப் பரிசோதனையில் தடயம் கிடைப்பது கடினம். 2021 டெர்பியில் முதலாவதாக வந்து, பிறகு மருந்துச் சோதனையால் தகுதி இழந்த மெடினா ஸ்பிரிட், அந்த டிசம்பர் 6 அன்று சான்டா அனிட்டாவில் பயிற்சி முடித்த வேளையில் விழுந்து இறந்தது. உறுதியான காரணம் கடைசிவரை தெரியவில்லை. மேலே சொன்ன எலும்புக் கதை இதற்குப் பொருந்தாது.

வேலி தாண்டும் பந்தயம் இன்னும் மோசம்தானே?

ஆம், சமதளப் பந்தயத்தைவிட மரண விகிதம் தெளிவாக அதிகம். இங்கே விழுந்து முறிவதும் நிறைய. லிவர்பூல் அருகே ஏன்ட்ரியில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். 2023-இல் போராட்டக்காரர்கள் தளத்துக்குள் புகுந்ததால் பந்தயம் தாமதமானது, முதல் வேலியிலேயே ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை இறந்தது. அடுத்த ஆண்டு முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34 மட்டும். கூட்டம் குறைந்தால் மோதலும் குறையும் என்பது சரியான கணிப்பு.

ஜல்லிக்கட்டுக்கு மட்டும் கோர்ட்டு, கேஸு. குதிரைப் பந்தயத்தை ஏன் யாரும் தொடல?

2017-இல் மெரினாவில் கேட்ட அதே கேள்வி. சட்டப்படி விடை இதுதான். காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011-இல் மத்திய அரசு காளையைச் சேர்த்தது, குதிரை அந்தப் பட்டியலில் இல்லை. 2014 தீர்ப்பு அந்த அடிப்படையில் வந்தது. பிறகு தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை யாரும் தொடவில்லை என்பதும் சரியல்ல. 1974-இல் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்குத் தொடுத்து, குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கவனியுங்கள், அந்த வழக்கு முழுக்க மனிதர் பணம் இழப்பதைப் பற்றியது. 2024-இல் கிண்டி நிலத்தை அரசு மீட்க முனைந்தது குத்தகை, வாடகைப் பாக்கி பற்றியது. குதிரையின் கால் இங்கே விவாதப் பொருளாகவே இன்னும் வரவில்லை. ஒரு விளையாட்டைக் காப்பாற்ற இன்னொன்றை இழுப்பதைவிட, இரண்டிலும் விலங்குக்கு என்ன நேர்கிறது என்று தனித்தனியாகக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முடிவா சொல்லுங்க. தடை செய்யணுமா, வேண்டாமா?

தடை கேட்பவர்களின் வாதம் வலுவானது. குதிரை சம்மதிக்கவில்லை, எவ்வளவு சீர்திருத்தினாலும் சில குதிரைகள் சாகும், அதுவும் நம் பொழுதுபோக்குக்காக. இதற்குப் பந்தயத் தரப்பு சொல்லும் "குதிரைக்கு ஓடப் பிடிக்கும்" என்பது பதிலாகாது. ஓடப் பிடிக்கும், மூட்டில் ஊசியோடு ஓடப் பிடிக்கும் என்று அது சொல்லவில்லை. மறுபக்கம், இந்த விளையாட்டை நம்பி லாயங்களில் உழைப்பவர்களின் அக்கறை நடிப்பு அல்ல, ஒரு குதிரை விழுந்தால் முதலில் அழுவது அதைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுபவர்தான்.

என் நிலைப்பாடு இது. முதல் பதிலில் சொன்னபடி பெரும்பாலான மரணங்களுக்கு முன்னறிகுறி உண்டு. ஸ்கேன், மருந்துக்குப் பின் கட்டாய ஓய்வு, திறந்த மருத்துவக் குறிப்பு, எல்லா மரணங்களையும் வெளியிடுவது ஆகியவற்றைச் செய்யாத மைதானத்துக்குப் பந்தயம் நடத்த உரிமம் இருக்கக் கூடாது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பந்தயங்கள் குறையட்டும். குறைந்த பந்தயங்களோடு இந்தத் தொழில் நிற்க முடியாது என்றால், அதன் லாபம் குதிரையின் எலும்பிலிருந்து வந்ததாகத்தான் அர்த்தம், அப்போது தடை கேட்பவர்கள் பக்கம் நான் நிற்பேன்.

நான் பந்தயம் பார்க்கிறவன், மருத்துவர் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

நீங்கள் போகும் மைதானத்திடம் மூன்று விவரங்களைக் கேளுங்கள். கடந்த பருவத்தில் பந்தயத்திலும் பயிற்சியிலும் எத்தனை குதிரைகள் இறந்தன, ஒவ்வொன்றுக்கும் பிரேதப் பரிசோதனை நடந்ததா, அதன் முடிவு எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த உரிமையாளர்கள் இருந்தால், குதிரை வாங்கும்போது பழைய சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்களா என்று விசாரியுங்கள். பயிற்சியாளர் ஒரு குதிரையைக் கடைசி நேரத்தில் விலக்கினால், டிக்கெட் பணம் போனது என்று அவரைத் திட்டாதீர்கள்.